துப்பாக்கி தாங்கும் உத்தியோகம்

பயிரைக் காப்பது குடியானவனின் கடமை. குடியானவனைக் காப்பது அரசாங்கத்தின் கடமை. இந்த இரண்டு கடமைக்கும் நடுவில் காட்டுப்பன்றி படுத்துக் கிடக்கிறது.

அதை விரட்டுவதற்காக, காட்டை ஒட்டி இருக்கிற எங்கள் ஊரில் சில பேருக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. துப்பாக்கி என்றதும் படபடவென்று பொரிந்து தள்ளுகிற சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். இது வாய் வழியாகச் சாப்பிடுகிற பழைய காலத்துத் துப்பாக்கி. குழலின் வாயில் கருமருந்தைப் போட வேண்டும். அதன் மேல் துணி உருண்டை, ஈயக் குண்டு. எல்லாவற்றையும் நீளமான கோலால் குத்திக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் உள்ள துளையில் அடிபட்டால் பொறி விடுகிற ஒரு குட்டிச் செம்புத் தொப்பியை மாட்டி, சுத்தியல் மாதிரி இருக்கிற குதிரையை இழுத்து நிறுத்தி, விசையைத் தட்டினால் டமால். ஊரே புகையாகிவிடும். புகை கலைந்து, மறுபடி மருந்து கெட்டித்து முடிப்பதற்குள் பன்றி வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

இந்தச் சாமானை ஒழுங்காகக் கையாளுகிறவர் என்று பேர் வாங்கியவர் அரைமீசை. ஒழுங்கு அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. வாலிபத்தில் ஒருநாள், சுட்ட சூடு ஆறுவதற்கு முன்னால் கருமருந்து அடைத்து வைத்திருந்த மாட்டுக் கொம்பை அப்படியே குழலில் கவிழ்த்தார். உள்ளே ஒரு பொறி அணையாமல் உட்கார்ந்திருந்தது. புஸ்ஸென்று கிளம்பிய தீ இடதுபக்க மீசையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அது திரும்ப முளைக்கவே இல்லை. வலதுபக்கத்தையும் மழித்துவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களிடம், "அது என்ன தப்புப் பண்ணுச்சு?" என்பார். அன்று முதல் குழலைத் துடைக்காமல் மருந்து போட மாட்டார். கொம்பிலிருந்து நேராகக் கொட்டாமல் அளவுக் குப்பியில் எடுத்துத்தான் போடுவார். துப்பாக்கி வாய்க்கு நேரே தன் தலையையும் நீட்ட மாட்டார், அடுத்தவன் தலையையும் நீட்ட விடமாட்டார். சுருட்டுப் பிடிக்கிறவனைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் நின்றுதான் நலம் விசாரிப்பார்.

இத்தனை ஜாக்கிரதையான மனிதர்தான் மாட்டிக்கொண்டார். ஜாக்கிரதை இல்லாதவன் மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு உரிம அலுவலகத்தின் பின்முற்றத்தில் இருக்கிற மண்மேட்டைப் பார்த்து ஆளுக்கு ஒரு குண்டு சுட்டுக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் தலைமை எழுத்தர் ஜன்னல் வழியாகச் சத்தத்தைக் கேட்டே முத்திரை குத்திவிடுவார். அந்த வருஷம் புதிதாகப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வந்திருந்தார். எங்கேயோ பயிற்சி முடித்துவிட்டு வந்தவர். கழுத்தில் விசில், மார்பில் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கிற மேற்சட்டை, கையில் விதிப் புத்தகம். விசில் அடிக்காமல் அவர் தும்மக்கூட மாட்டார்.

அரைமீசையின் முறை வந்தது. சோளம் பால் பிடிக்கிற நேரம். அவருடைய நிலம்தான் காட்டுக்கு முதல் வாசல். உரிமத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் காவல் பரணுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மருந்தை அளந்து போட்டார், குண்டைக் கெட்டித்தார், தொப்பியை மாட்டினார், மேட்டைக் குறி பார்த்து விசையைத் தட்டினார்.

டொக்.

அவ்வளவுதான். அரைமீசை அசையவில்லை. துப்பாக்கியை மேட்டை நோக்கி நீட்டியபடியே நின்றார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்றார் அலுவலர்.

"வெடிக்கலை சார்."

"ஏன் வெடிக்கலை?"

"பனியில மருந்து ஈரமாயிருக்கலாம். தொப்பி சொத்தையா இருக்கலாம். சில சமயம் உள்ள புகைஞ்சுக்கிட்டே இருந்து, நாம என்னாச்சுன்னு எட்டிப் பாக்கிறப்ப முகத்துல போடும். அதனால இப்படியே மேட்டைப் பாத்துப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கணும் சார்."

"ரொம்ப சரி. கொஞ்ச நேரம்னா எவ்வளவு?"

"ஒரு டம்ளர் தண்ணி நிதானமாக் குடிக்கிற நேரம்."

"எந்த டம்ளர்?"

 அலுவலர் புத்தகத்தைப் புரட்டினார். அதில் மூன்று விதிகள் இருந்தன. வெடிக்காத துப்பாக்கியைப் போதிய நேரம் பாதுகாப்பான திசையிலேயே பிடித்திருக்க வேண்டும். போதிய நேரம் ஆகிவிட்டது என்று பொறுப்பு அதிகாரி அறிவிக்காமல் கீழே இறக்கக் கூடாது. அப்படிப்பட்ட துப்பாக்கியை எக்காரணம் கொண்டும் ஆளில்லாமல் விடக் கூடாது. மூன்றும் தங்கமான விதிகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் ஒரு சொட்டுக் குறை சொல்ல முடியாது.

"போதிய நேரம் ஆச்சுன்னு நீங்க சொல்லுங்க சார், நான் இறக்கிடறேன்" என்றார் அரைமீசை.

"நான் சொல்லி, நீங்க இறக்கி, அப்ப வெடிச்சா பொறுப்பு யாருது?"

"உங்களுதுதான் சார்."

"நான் சொல்லாம இருந்தா?"

"நான் நின்னுக்கிட்டே இருப்பேன்."

"அதுல யாருக்காவது ஆபத்து உண்டா?"

அரைமீசை யோசித்தார். நேர்மையான மனிதர். "இல்லை சார்" என்றார்.

"அப்ப நில்லுங்க" என்று விசில் அடித்தார் அலுவலர்.

தலைமை எழுத்தர் வெளியே வந்து பார்த்தார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து எதற்கும் தானாக முடிவெடுக்காமல் காலத்தை ஓட்டியவர். அந்த விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. "மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுடலாம் சார்" என்றார். எழுதினார்கள். மேலிடத்திலிருந்து பிற்பாடு ஒருநாள் பதிலும் வந்தது: "தாங்கள் கோரியுள்ள 'போதிய நேரம்' குறித்த விளக்கம் போதிய நேரத்தில் அனுப்பி வைக்கப்படும்."

எழுதிய அன்றைக்கே அரைமீசையின் மனைவிக்குச் சேதி போய்விட்டது. அந்த அம்மாள் வாயைத் திறந்தால் காட்டுக்குள் இருக்கிற பன்றியே காதைப் பொத்திக்கொள்ளும். நேராகப் பின்முற்றத்துக்கு வந்தாள்.

"என்னங்க இது, சிலை மாதிரி நிக்கிறீங்க? பொழுது சாயப் போகுது. அந்தக் கருமத்தைக் கீழ வச்சுட்டு வாங்க."

"வச்சா உரிமம் போயிடும். உரிமம் போனா துப்பாக்கி போயிடும். துப்பாக்கி போனா சோளம் போயிடும்டி."

"நீங்க இங்க நின்னா மட்டும் சோளம் என்ன, கம்பு எடுத்துக்கிட்டுத் தன்னைத் தானே காவல் காக்குமா?"

"அதுக்கு நான் என்ன பண்றது? விதி."

"விதியாம் விதி! ஒரு சொம்புத் தண்ணியைக் குழல்ல ஊத்தினா மருந்து கரைஞ்சு சேறாயிடும். அப்புறம் அது வெறும் குழாய்தானே? நகருங்க, நான் ஊத்தறேன்."

அலுவலர் விசில் அடித்தார். "வாய்ப்பக்கம் போகாதீங்கம்மா! வெடிக்காத துப்பாக்கி வாய்க்கு முன்னாடி யாரும் கை நீட்டக் கூடாது."

"சார் சொல்றது நியாயம்தான்" என்றார் அரைமீசை. "வாய்க்கு முன்னாடி கை நீட்டக் கூடாது."

"பின்பக்கமா ஊத்த முடியும்னா ஊத்துங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் அலுவலர் பெருந்தன்மையாக.

அவள் புருஷனை ஒரு தடவை பார்த்தாள், அலுவலரை ஒரு தடவை பார்த்தாள். "ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

விதி மனிதனை நிறுத்தலாம். மனிதனுக்குள் இருக்கிற தண்ணீரை நிறுத்த முடியுமா? கொஞ்ச நேரத்தில் அரைமீசை ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்க ஆரம்பித்தார். மாற்றிப் பிடிக்க ஆள் வேண்டும். உரிமம் உள்ளவர்தான் பிடிக்கலாம் என்றார் அலுவலர். அந்த ஊரில் உரிமம் வைத்திருந்தும் ஒரு குருவியைக்கூடச் சுடாத ஒரே ஆள் அரைமீசையின் மச்சினன். சோம்பேறி என்றால் அப்படி ஒரு சோம்பேறி. கொட்டாவி விட்டால்கூடப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ரகம். சும்மா நிற்கிற வேலை என்று கேள்விப்பட்டதும் வேகமாக வந்தான்.

"மாமா, நான் தாங்கறேன். ஆனா நமக்குள்ள ஒரு பேச்சு இருக்கணும்ல?"

"டேய், முதல்ல பிடிடா. அவசரம்டா."

"சோளத்துல ஒரு மூட்டை."

"ரெண்டு மூட்டை எடுத்துக்கோ, பிடி!"

அன்று முதல் இருவரும் மாறி மாறித் தாங்கினார்கள். அந்த இரண்டு மூட்டையும் பன்றியின் வயிற்றுக்குத்தான் போகப் போகிறது என்று அப்போது இருவருக்குமே தெரியாது.

அலுவலர் சும்மா இருக்கவில்லை. பாதுகாப்பைப் பலப்படுத்தினார். தாங்குகிறவருக்கு ஆரஞ்சு மேற்சட்டை கொடுத்தார். பொறி பட்டால் கண் போய்விடும் என்று கண்ணாடி கொடுத்தார். தலைக்கு இரும்புக் கவசம், கைக்கு உறை, வெயிலுக்குத் தகரக் கூரை. கடைசியாகக் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு.

"இதுவரைக்கும் சத்தமே வரலையே சார், பஞ்சு எதுக்கு?" என்று கேட்டார் அரைமீசை.

"பஞ்சு வச்சதனாலதான் வரலைன்னு பின்னாடி சொல்லிக்கலாம்."

அந்தப் பஞ்சுதான் வினையாகப் போனது. ஒருநாள் அதிகாலையில் அரைமீசையின் மனைவி தகர டப்பாவும் கையுமாக, தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"என்னங்க! பன்னி! பன்னி இறங்கிடுச்சு! மந்தையோட வந்திருக்கு!"

"ஆமா, நல்லா இருக்கேன்" என்றார் அரைமீசை.

"ஐயோ, பன்னிங்க! டப்பாவைத் தட்டினா ஓட மாட்டேங்குது, தாளம் போட்டுத் தின்னுது!"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். மாப்ளே வந்ததும் வரேன்."

அவள் பஞ்சைப் பிடுங்கிச் சேதியைக் காதுக்குள் நேராக ஊற்றினாள். அரைமீசையின் முகம் கண்ணாடிக்குப் பின்னால் சுருங்கிவிட்டது. துப்பாக்கி கையில் இருந்தது. குண்டு குழலில் இருந்தது. பன்றி நிலத்தில் இருந்தது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்றுதான் அரசாங்கம் அவருக்கு உரிமம் கொடுத்திருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தார். குழலின் நுனி மேட்டிலிருந்து விலகியது.

அலுவலர் விசில் அடித்தார்.

அரைமீசை எடுத்த அடியைத் திரும்ப வைத்தார். அந்த வருஷச் சோளம் அத்துடன் முடிந்தது. தட்டைகூட மிச்சமில்லை. அவர் மனைவி முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அலுவலருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடம் பாதுகாப்புக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அழ அனுமதித்தார்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். காரிலிருந்து இறங்கியதும் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

அலுவலர் விதிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "ரொம்ப நாளா சார்."

"இத்தனை நாள்ல விபத்து?"

"ஒண்ணுமில்லை சார்."

"காயம்?"

"இல்லை சார்."

"வேற ஊர்ல வெடிக்கிற துப்பாக்கியை வச்சுக்கிட்டு என்னென்ன பாடு படறாங்க தெரியுமா? ஒருத்தன் அளவு தெரியாம மருந்தைப் போட்டுத் தோளை உடைச்சுக்கிறான். ஒருத்தன் குண்டைப் பாதிக் குழல்லயே விட்டுட்டுக் குழலை வெடிக்க வைக்கிறான். ஒருத்தன் வெறும் துப்பாக்கின்னு நினைச்சு மாமனார் காலைச் சுடறான். இங்க பாருங்க, எவ்வளவு அமைதி!" அவர் அரைமீசையின் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார். அரைமீசையால் கை கொடுக்க முடியவில்லை. அதிலும் அதிகாரிக்கு மகிழ்ச்சிதான். "கடமை! இதுதான்யா கடமை!"

அவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் உத்தரவு வந்தது. இறக்குவதற்கு உத்தரவு என்று நினைத்தால் நீங்கள் அரசாங்கத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். "நிரந்தரத் துப்பாக்கித் தாங்குநர்" என்று ஒரு பதவி. மாதச் சம்பளம், பண்டிகை முன்பணம், வைத்தியச் செலவு, ஓய்வூதியம். அரைமீசை தலைமைத் தாங்குநர், மச்சினன் துணைத் தாங்குநர். பாதுகாப்பு அலுவலர் இனி பாதுகாப்புத் தலைமை அலுவலர். தாங்குநர் துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டிருக்கும் வரை இந்தப் பதவிகள் எல்லாம் நீடிக்கும்.

அரைமீசைக்குச் சந்தோஷமா துக்கமா என்று புரியவில்லை. அன்று சாயங்காலம் மனைவி வந்ததும் சொன்னார்.

"எனக்கு இது பிடிக்கலைடி. பேசாம துப்பாக்கியை அவங்க மேசையிலேயே போட்டுட்டு வந்துடறேன். அடுத்த போகமாவது ஒழுங்காப் பாக்கலாம்."

அவள் பக்கத்தில் வந்தாள். தகரக் கூரையைப் பார்த்தாள். மேற்சட்டையின் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"கை வலிக்குதாங்க?"

"வலிக்கத்தான் செய்யுது."

"தைலம் தேச்சு விடறேன். இறக்கிடாதீங்க."

"நீதானேடி கருமத்தைக் கீழ போடச் சொன்னே?"

"அப்ப அது கருமமா இருந்துச்சு. இப்ப உத்தியோகம். ஓய்வூதியம்னா சும்மாவா? நமக்குப் பின்னாடி எனக்குப் பாதி வருமாம். தலைமை எழுத்தர் சொன்னாரு."

"நமக்குப் பின்னாடின்னா? எனக்குப் பின்னாடின்னு சொல்லு."

"வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காம துப்பாக்கியைப் பிடிங்க."

ஊரில் அவருடைய மதிப்பு ஏறிவிட்டது. ஆரஞ்சு மேற்சட்டை போட்ட மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் மறு பேச்சுப் பேசுவதில்லை. தையல்காரர் மற்ற துணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆரஞ்சுத் துணியாகவே தைத்துத் தள்ளினார். டீக்கடைக்காரர் கண்ணாடி மாட்டிக்கொண்டு டீ ஆற்றினார். பொறி தெறிக்காது, டீதான் தெறிக்கும். இருந்தாலும் கண்ணாடி கண்ணாடிதான். முடிதிருத்துகிறவர் தலையில் இரும்புக் கவசம் வைத்துக்கொண்டார். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களும் கவசத்தோடு வந்தார்கள். அதனால் ஊரில் எல்லோருக்கும் முடி வளர்ந்துவிட்டது. இளவட்டங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்துக்கொள்ளும்போது ஆளுக்கொரு கம்பைச் சுவரை நோக்கி நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அதுதான் நாகரிகமாம்.

அடுத்த வருஷம் சோதனை நாள் வந்தது. நல்ல வெயில். புழுதி பறக்கிறது. ஆனால் ஊரில் துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேருடைய மருந்தும் எப்படியோ நனைந்திருந்தது.

டொக். டொக். டொக்.

ஒவ்வொரு டொக்குக்கும் ஒரு குடும்பம் கை தட்டியது. ஒருவர் மருந்தைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். ஒருவர் பாசத்தோடு அதன் மேல் ஈரத் துண்டைப் போர்த்தி வைத்திருந்தாராம். இன்னொருவர் மருந்தே போடாமல் குண்டை மட்டும் போட்டுக் கெட்டித்துவிட்டு, மறந்துவிட்டேன் என்று தலையைச் சொறிந்தார். கருமருந்தை உலர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் முதல் பாடம். அதைத் தாத்தா காலத்திலிருந்து தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு, எதைச் செய்யக் கூடாது என்பதும் அதே அளவுக்குச் சுத்தமாகத் தெரிந்திருந்தது.

வரிசையின் கடைசியில் நின்றவர் தச்சர். பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டார். விசையைத் தட்டினார்.

டமால்!

முற்றமே புகையாகிவிட்டது. புகைக்குள்ளிருந்து தச்சர் மனைவியின் அலறல் கேட்டது. "போச்சே! என் குடும்பமே போச்சே! ஒரு மருந்தை நனைக்கத் துப்பில்லாத மனுஷனுக்கு வாக்கப்பட்டேனே!"

ஊரே திரண்டு போய் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தது. உரிமத்தில் முத்திரை கிடைத்த ஒரே ஆள் அவர்தான். வெட்கத்தில் அந்தத் துப்பாக்கியை வீட்டுப் பரண் மேல் போட்டுவிட்டு அவர் வெளியே தலைகாட்டுவதையே நிறுத்திவிட்டார்.

இப்போது முற்றத்தில் தாங்குநர்களின் நீள வரிசை. எல்லோரும் ஆரஞ்சு மேற்சட்டையில், எல்லாத் துப்பாக்கியும் மண்மேட்டை நோக்கி. நிலத்தில் ஆள் கிடையாது. விதைத்தது பாதி, விதைக்காதது பாதி. பன்றிகள் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டன. ஏதோ சூழ்ச்சி என்று ஓரமாக வந்து ஓரமாகப் போயின. அப்புறம் பகலிலேயே வந்தன. அப்புறம் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்தன. நிலத்தில் இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகு, அவை தெருவுக்கு வந்தன.

ஒருநாள் காலையில் மந்தை மொத்தமும் அலுவலகப் பின்முற்றத்துக்குள் நுழைந்தது. முன்னால் வந்தது தந்தம் மாதிரிப் பல் நீண்ட ஒரு ஆண் பன்றி, எருமைக்கன்று அளவு இருக்கும். அரைமீசைக்கு அதை நன்றாகத் தெரியும். பரணில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் அதற்காகக் கண் விழித்தவர். ஒருநாளும் அது குறிக்குள் வந்ததில்லை. அது வரிசையை ஒரு பார்வை பார்த்தது. மண்மேட்டுக்குப் போயிற்று. மழைத் தண்ணீர் ஊறிய குளிர்ந்த மண். இடம் பிடித்திருந்தது போலிருக்கிறது, துப்பாக்கி வாய்களுக்கு நேர் எதிரே, அரைமீசையின் குறிக்கு நட்ட நடுவில், காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. மற்றவையும் வரிசையாகப் படுத்துக்கொண்டன.

 அரைமீசையின் குழலில் போன வருஷத்து மருந்து கட்டி தட்டிக் கிடக்கிறது. இருந்தாலும் இடுப்பு மடிப்பில் புதுத் தொப்பி ஒன்று இருக்கிறது. மாட்டித் தட்டினால் வெடித்தாலும் வெடிக்கலாம். ஒரு தட்டு. அவர் கை மெதுவாக இடுப்புக்குப் போயிற்று.

"மாமா" என்றான் முறை மாற்ற வந்து பக்கத்தில் நின்ற மச்சினன், உதட்டை அசைக்காமல். "வேணாம் மாமா. வெடிச்சுட்டா?"

சாப்பாட்டுக் கூடையோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பன்றியைச் சபிக்காமல் அவள் ஒருநாளும் தூங்கப் போனதில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் ஏதோ எழும்பியது. "என்னங்க…" என்று ஆரம்பித்தாள். தகரக் கூரையைப் பார்த்தாள். பன்றியைப் பார்த்தாள். "…கூடையை இங்க வச்சுட்டுப் போறேன். ஆறிடும், சாப்பிடுங்க."

அரைமீசை இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பன்றி குறட்டை விட்டது.

அலுவலர் ஓடிவந்தார். பன்றிகளைப் பார்த்தார். விசில் அடித்தார். பன்றிகள் அசையவில்லை, அவற்றுக்கு உரிமம் இல்லை, பறிபோவதற்கும் ஒன்றுமில்லை.

"விதிமீறல்! துப்பாக்கி வாய்க்கு முன்னால உயிருள்ள எதுவும் இருக்கக் கூடாது! துப்பாக்கியைத் திருப்புங்க!"

"திருப்பக் கூடாது சார்" என்றார் தலைமை எழுத்தர். "மேடுதான் பாதுகாப்பான திசை."

"அப்ப இறக்கச் சொல்லுங்க!"

"யார் சொல்றது சார்?"

அலுவலர் வாயைத் திறந்தார். 'போதும், இறக்குங்க' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தலைமைத் தாங்குநர் இல்லை, துணைத் தாங்குநர் இல்லை, பாதுகாப்புத் தலைமை அலுவலரும் இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

"பன்னிங்களைப் பத்திரமாப் பாத்துக்க வேண்டியதுதான்" என்றார் கடைசியில். "எழுந்து ஓடினாத்தான் ஆபத்து. ஓடாம இருக்க என்ன பண்ணணும்?"

"வயிறு நிறைஞ்சா ஓடாது சார்" என்றார் அரைமீசை. அந்த விஷயம் அவருக்கு அனுபவப்பூர்வமாகத் தெரியும்.

அப்படியாக, பன்றிகளுக்குத் தினமும் சோளம் போடுவதற்கு ஒரு பதவி ஏற்பட்டது. முதல் விண்ணப்பம் அரைமீசையின் மனைவியுடையது. அவளுக்கே கிடைத்தது. ஒரு காலத்தில் தன் நிலத்தில் எந்தப் பன்றி எந்த மூலையில் எவ்வளவு தின்னும் என்று அவளைப் போல் தெரிந்தவர் யார்? சோளம் உள்ளூரில் கிடைக்காததால் வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. மீதி இருந்தால் நாமும் வாங்கிக்கொள்ளலாம், முதல் உரிமை முற்றத்துக்கு. புருஷனும் பெண்டாட்டியும் பகலெல்லாம் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள், நடுவில் பன்றி. குடும்பத்தில் முன்பு இருந்த சண்டைகூட இப்போது கிடையாது.

எங்கள் ஊருக்குப் பாதுகாப்பில் முதல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு மனிதருக்குக் காயமில்லை, ஒரு பன்றிக்குக் கீறல் இல்லை. தட்டில் சோறு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்கள். என்ன பைத்தியக்கார ஊர் என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன வாரம், அந்த வரிசையில் உங்கள் மச்சினனுக்கு ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டு வர ஆள் அனுப்பியது யார்? எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. என் மச்சினனுக்குப் பின்னால் வந்து நிற்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.